மலைக் கந்தோரும் லெனாட்டின் சைக்கிளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பிப் போனால் கேணியில் குளித்துவிட்டு வரலாம். இந்த மண்ணில் பிறந்தவன் வாழ்நாளில் ஏறக்கூடிய உயரம் பாலமும் பனையும்தான். அப்படிப்பட்ட ஊரில்தான், இந்த நாட்டு மக்கள் ஓட வேண்டிய மலைச் சைக்கிள் உள்நாட்டில் செய்ததா, வெளிநாட்டிலிருந்து இறக்கியதா என்று தீர்மானிப்பதற்கு ஒரு அரசாங்க அலுவலகம், ஊர்ப்பேச்சில் கந்தோர், திறந்தார்கள். பெயர்ப்பலகையில் ‘மலைத் துவிச்சக்கர வண்டித் தெரிவு அலகு’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. சனம் மலைக் கந்தோர் என்றது.

இதை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தீர்கள் என்று கேட்கத் தேவையில்லை. பணிப்பாளர் சோமசேகரம் திறப்பு விழாவிலேயே அதற்கு விளக்கம் சொல்லிவிட்டார்.

“மலைநாட்டு மக்களுக்கு மலையில் பற்று இருக்கும். பற்றுள்ளவன் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டான். எங்களுக்கோ மலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இந்தத் தகுதி நாட்டில் வேறு எந்த மாவட்டத்துக்கு இருக்கிறது?”

சபை எழுந்து நின்று கைதட்டியது. அறியாமையை இவ்வளவு கம்பீரமாகச் சொல்ல ஒரு படிப்பு வேண்டும், அது சோமசேகரத்திடம் நிறைய இருந்தது.

லெனாட் அந்த விழாவுக்குப் போகவில்லை. அவன் குருநகரில் மீன் எடுத்து அரியாலையில் விற்கிறவன். நாற்பத்தெட்டு வயது. விடிய ஐந்து மணிக்குத் துறையில் நிற்பான். ஒட்டி, ஓரா, திரளி, கிடைத்தால் நண்டு என்று பெட்டியை நிரப்பிச் சைக்கிள் கரியரில் கட்டினால் ஏழு மணிக்கு முன் அரியாலையில் முதல் ஒழுங்கைக்குள் நிற்பான். ஹாண்டிலில் ஒரு றப்பர் ஹோர்ன் இருந்தது. அதைப் “பாம், பாம்” என்று இரண்டு தரம் அமத்தினால் வேலிப் படலைகள் திறக்கும், பெண்கள் சட்டியோடு வருவார்கள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். ஏழரை தாண்டினால் சரிவராது. கறி அடுப்பில் ஏற வேண்டிய நேரத்துக்கு மீன் வராவிட்டால் சனம் வேறு ஆளிடம் வாங்கிவிடும். வேறு ஆளும் இருந்தான். கிறிஸ்ரி என்று பெயர், மோட்டார் சைக்கிளும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தான், முந்தாநாள் ஐஸ் மீனை இன்றைய மீன் என்று ஒலிபரப்புவான்.

ஆகவே லெனாட்டின் பிழைப்பு அந்தச் சைக்கிளில்தான் நின்றது. அது பார்க்க ஒன்றும் அழகில்லை. பெயின்ற் எல்லாம் எப்பவோ உரிந்துவிட்டது. அரியாலை றெயில் கடவையில் ஒருமுறை விழுந்ததில் முன்பக்கம் கொஞ்சம் இடதுபுறம் இழுக்கும். ஆனால் எவ்வளவு மீன் ஏற்றினாலும் முனகாது.

மாசி மாதம் கிராமசேவகரான விதானையார் லெனாட்டின் வீட்டுக்கு வந்தார்.

“லெனாட், உமக்கு ஒரு நல்ல காரியம் பாத்து வைச்சிருக்கிறன். மலைக் கந்தோருக்குக் கடற்றொழில் பக்கத்தாலை ஒரு பயனாளி வேணுமாம். உம்மடை பேரைக் குடுத்திட்டன். எந்தச் சைக்கிள் திறமெண்டு முடிவாகினதும் உமக்குப் புதுசு ஒண்டு.”

“எனக்குச் சைக்கிள் கிடக்குதே ஐயா.”

“அதுதான் சிக்கல். சைக்கிள் உள்ளவனுக்குச் சைக்கிள் குடுக்க ஏலாது. மூண்டு நாளைக்கு அதைக் கந்தோரிலை பாரம் குடும். உமக்குச் சைக்கிள் இல்லையெண்டு நான் எழுதித் தாறன். பிறகு புதுசும் வரும், பழசும் வரும்.”

லெனாட்டின் மனைவி லூர்த்தம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விதானையார் போனதும் வாயைத் திறந்தாள்.

“இஞ்சேரப்பா, உங்களுக்கென்ன விசரே? கையிலை இருக்கிறதைக் குடுத்திட்டு ஆரோ செய்யப்போற சைக்கிளுக்குக் காவலிருக்கப் போறியளோ?”

“மூண்டு நாள்தானேயப்பா.”

“உந்தக் கந்தோர்க்காரருக்கு மூண்டு நாளெண்டால் எவ்வளவெண்டு உங்களுக்குத் தெரியாது.”

அவளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தான். பற்றுச்சீட்டுத் தந்தார்கள். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், பயனாளி இந்தக் காலத்தில் வேறு வண்டி வாங்கினாலோ இரவல் ஓடினாலோ ஒப்படைத்த வண்டி அரசுடைமையாகும் என்று இருந்தது. பின்பக்கத்தை யார் வாசிக்கிறார்கள்?

நாலாம் நாள் கந்தோருக்குப் போனான். வாடகைக்கு எடுத்த பெரிய கல்வீடு. பின்னால் களஞ்சிய அறை, அதற்குக் காவலாளி தம்பிஐயா. யன்னல் கம்பிக்குள்ளால் தன் சைக்கிளைக் கண்டதும் லெனாட்டுக்கு மனம் இளகிவிட்டது. கையை விட்டு ஹோர்னை ஒருக்கால் அமத்தினான்.

“தொடாதை மச்சான், அது இப்ப ஆவணம்” என்றார் தம்பிஐயா.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் சோமசேகரம். வலப்பக்கம் நதானியேல், வெளிநாட்டு வண்டிகளுக்கான ஆலோசகர். இடப்பக்கம் நமசிவாயம், உள்நாட்டு வண்டிகளுக்கான ஆலோசகர். மீளப்பெறும் படிவத்தைச் சோமசேகரம் தானே நிரப்ப முன்வந்தார்.

“உம்முடைய வண்டி உள்நாடோ, வெளிநாடோ?”

“குருநகர் சேர்.”

“குருநகர் எண்டு கட்டம் இல்லை. ரெண்டு கட்டம்தான் இருக்கு. எங்கை செய்தது?”

லெனாட் யோசித்து நேர்மையாகச் சொன்னான். “பிரேம் இந்தியாச் சாமான் சேர். றிம் ரெண்டும் கொழும்பு. செயின் சீனா. சீற் எங்கடை ஒழுங்கையிலை தைச்சது. கரியர் நானே வெல்டிங் பிடிச்சது. ஹோர்னும் சீனா.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாட்டில் உள்ள சைக்கிள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது என்பதை அவர்கள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள்.

“பிரேம்தான் வண்டி. ஆகவே வெளிநாடு” என்றார் நதானியேல். “நான் ஐரோப்பாவிலை ஆறு கிழமை நிண்டனான். மலையையும் கண்டனான், பஸ்ஸுக்குள்ளை இருந்து.”

“நிலத்திலை முட்டுறது றிம்மும் ரயரும். தாய் மண்ணிலை எது முட்டுதோ அதுதான் வண்டி. உள்நாடு” என்றார் நமசிவாயம். “எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அதாலைதான் என்ரை கருத்து சுத்தமா இருக்கு.”

ஒன்றரை மணித்தியாலம் வாதாடினார்கள். தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. லெனாட் நின்றுகொண்டே இருந்தான். பயனாளிக்குக் கதிரை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கடைசியில் சோமசேகரம் படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

“இதுக்கு ஓர் உபகுழு போடவேணும். எந்தக் கட்டத்திலும் விழாத வண்டியை நாங்கள் என்னண்டு திருப்பித் தாறது?”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது சேர்?”

“நீர் வேதக்காரர்தானே? தபசு காலம் தொடங்கிட்டுது. நடவும். ஆத்துமத்துக்கு நல்லது.”

லெனாட் நடந்தான். பெட்டியைத் தலையில் சுமந்து நடந்தான். அரியாலைக்குப் போய்ச் சேர ஒன்பது மணியாகும், பெட்டித் தண்ணீர் வடிந்து முதுகெல்லாம் நாறும். கிறிஸ்ரியின் ஒலிபெருக்கி அதற்கு முதலே ஒழுங்கைகளைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று வீடுகள் கழன்றன. லூர்த்தம்மா பாசையூர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர். ஆனால் இந்தப் பொருள் காணாமற்போகவில்லையே, யன்னல் கம்பிக்குள்ளால் தெரிகிறதே, இதற்கு அவர் என்ன செய்வார்?

இதற்கிடையில் மலைக் கந்தோருக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. மலைச் சைக்கிளைச் சோதிக்க மலை வேண்டும். மலைநாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கலாமே என்று ஒரு கிளாக்கர் கேட்டார்; அவரைத் தீவுப்பக்கம் இடமாற்றம் செய்தார்கள். அரியாலையில், கடலேரிக் கரையோரம், லெனாட் நடந்துபோகிற வழியில், மலை ஒன்றைக் கட்டுவதென்று முடிவாயிற்று.

சித்திரை மாதம் மலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அளவெட்டி நாதஸ்வரக் கோஷ்டி வந்தது. மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், ஆசியுரை நான்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை ஏழு. பயனாளியை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். வெயிலில் மீன்பெட்டியோடு நின்றான். சோமசேகரம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இமயமலைக்கு யாராவது அடிக்கல் நாட்டினார்களா? இல்லை. அது தானாக வளர்ந்தது. அதனால்தான் அதில் இன்றுவரை ஒரு ஒழுங்கு இல்லை. நாங்கள் கட்டுகிற மலை சுற்றுநிருபத்தின்படி வளரும்!”

நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கினார், பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து. பேச்சு முடியவில்லை. இன்னும் முக்கால் மணித்தியாலம் பேசினார்.

கிரவலும் சேறும் கொட்டிக் கொட்டி ஆடி மாதம் மலை எழுந்தது. பதினொரு அடி. அதன் உச்சியில் பிரமுகர்களின் பெயர் பொறித்த கருங்கல்லை நட்டார்கள், அது ஏழு அடி. இரண்டையும் சேர்த்து மலை பதினெட்டு அடி என்று அறிக்கையில் ஏறியது.

மலை வளர வளரக் களஞ்சியம் வெறுமையாகியது. ஒருநாள் லெனாட் யன்னலால் எட்டிப் பார்த்தான், சைக்கிளைக் காணவில்லை. காவலாளியிடம் ஓடினான்.

“என்ரை சைக்கிள் எங்கை அண்ணை?”

தம்பிஐயா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “பாதுகாப்பான இடத்துக்கு மாத்தியாச்சு. என்னட்டை ஒண்டும் கேளாதை.”

அவன் உள்ளே போய்க் கேட்டான். சோமசேகரம் நாட்காட்டியைக் காட்டினார். “நல்லூர்க் கந்தசாமி கோயிலிலை கொடியேறிட்டுது. அரியாலையிலை இப்ப ஆர் மீன் தின்னினம்? உமக்குச் சைக்கிள் என்னத்துக்கு?”

அது உண்மைதான். அந்தத் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அரியாலைச் சைவ வீடுகளில் மீன்சட்டிகள் கவிழ்ந்துதான் கிடக்கும். அதிலும் வாங்குகிற ஒரு வீடு இருந்தது, நேசமலர் ரீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், அங்கிலிக்கன்காரர். லெனாட் எத்தனை மணிக்குப் போனாலும் அவர் சட்டியோடு வருவார். “உந்தக் கிறிஸ்ரியின்ரை மீனை என்ரை பூனையும் தின்னாது” என்பார். ஆனால் ஒரு வீட்டை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா?

கிறிஸ்தவரின் தபசு காலத்தில் ஒரு சமயம் நடக்கச் சொன்னது, சைவரின் நல்லூர்க் காலத்தில் மற்றச் சமயம் நடக்கச் சொன்னது. இந்தக் கந்தோரைப் போல இரண்டு சமயத்தையும் சரிசமமாக மதித்த இடம் வேறு கிடையாது.

புரட்டாதியில் சோதனை நாள் வந்தது. மலையடியில் இரண்டு சைக்கிள்கள் நின்றன. இடப்பக்கம் உள்நாட்டுச் சைக்கிள், சிவப்பு. வலப்பக்கம் வெளிநாட்டுச் சைக்கிள், கறுப்பு. இரண்டுக்கும் தடித்த ரயர்களும், இருபத்தொரு கியரும், முன்னுக்கும் பின்னுக்கும் சுருள் வில்லுகளும் இருந்தன. கரியர் இல்லை. ஸ்ராண்டும் இல்லை, தம்பிஐயாவும் இன்னொருவரும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

லெனாட் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். “சேர், உதிலை மீன்பெட்டி எங்கை கட்டுறது?”

நதானியேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “மலைச் சைக்கிளிலை பெட்டி கட்டுறேல்லை! பெட்டி கட்டினால் அது மலைச் சைக்கிளே இல்லை! ஐரோப்பாவிலை உதைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“அங்கை மீன் விக்கிறவன் என்ன செய்யிறான் சேர்?”

“எனக்கு என்னண்டு தெரியும்? நான் பஸ்ஸுக்குள்ளை எல்லே இருந்தனான்.”

சோதனை ஆரம்பமாயிற்று. ஓடுவதற்கு ஆள் இல்லை. ஆலோசகர்களுக்கு ஓடத் தெரியாது. பயனாளி ஓடினால் கீறல் விழும். ஆகவே இரண்டு சைக்கிள்களையும் மேலே தள்ளிக்கொண்டு போனார்கள், பக்கத்தில் ஆலோசகர்கள் குடைக்குக் கீழே நடந்தார்கள், முன்னால் நாதஸ்வரம் போனது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சியை அடைந்தன. ‘இரு வண்டிகளும் முறைப்பாடு இன்றி ஏறின’ என்று குறித்துக்கொண்டார்கள்.

மேலே போன லெனாட் ஒன்று செய்தான். மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டான். அது அவனுக்குக் கையில் ஊறிய பழக்கம். உள்நாட்டுச் சைக்கிளின் சட்டத்தில் தேசியக் கொடி போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் விளிம்பை நகத்தால் நெம்பித் தூக்கினான். கீழே வேறொரு நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தது. பிறகு குனிந்து வெளிநாட்டுச் சைக்கிளின் ரயரைப் பார்த்தான். அதில் இலங்கையில் தயாரித்தது என்று ஆங்கிலத்தில் புடைத்து நின்றது.

“சேர், இஞ்சை வந்து பாருங்கோவன். உள்நாட்டுச் சைக்கிள் வெளியாலை வந்திருக்கு. வெளிநாட்டுச் சைக்கிளின்ரை ரயர் எங்கடை. என்ரை சைக்கிள் மாதிரித்தான் உதுகளும்.”

நாதஸ்வரம் நின்றது. ஆலோசகர்கள் வானத்தைப் பார்த்தார்கள். சோமசேகரம்தான் நிதானம் இழக்கவில்லை.

“பயனாளி அழைக்கப்பட்டது பார்வையிடுவதற்கு. வாசிப்பதற்கு அல்ல” என்றார்.

கூட்டக் குறிப்பில் ‘ஸ்டிக்கர் மீண்டும் ஒட்டப்பட்டது’ என்று எழுதினார்கள். இறங்கும்போது லெனாட் திரும்பிப் பார்த்தான். மலையின் கடலேரிப் பக்கத்துச் சரிவில் ஒரு காகம் எதன்மேலோ குந்தியிருந்தது. அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நீண்டகால அவதானிப்புக்காகச் சிவப்புச் சைக்கிள் சோமசேகரம் வீட்டுக்குப் போயிற்று. கறுப்புச் சைக்கிள் நதானியேல் வீட்டுக்குப் போயிற்று. நமசிவாயத்துக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு மலையைச் சுற்றி வேலி அடைக்கிற பொறுப்பைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள்.

கார்த்திகை மழை வந்தது. அந்த மழைக்கு அடிக்கல்லும் தெரியாது, சுற்றுநிருபமும் தெரியாது. நாலு நாள் விடாமல் ஊற்றியது. ஐந்தாம் நாள் காலை லெனாட் பெட்டியோடு வரும்போது மலை கரைந்து பாதியாகக் கிடந்தது. பிரமுகர்களின் கல் ஒரு பக்கம் சரிந்து நின்றது. கடலேரிப் பக்கம் காகம் குந்தியிருந்தது. அது பறந்ததும், அது இருந்த இடத்தில் ஒரு றப்பர் குமிழ் தெரிந்தது.

லெனாட் பெட்டியைக் கீழே வைத்தான். கிட்டப்போனான். அதை அமத்தினான்.

பாம்.

சேற்றுத் தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. அவன் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் மண்ணை அள்ளினான். ஹாண்டில் வந்தது, சீற் வந்தது, அவன் வெல்டிங் பிடித்த கரியர் வந்தது. தம்பிஐயா குடையோடு ஓடிவந்தார்; அவரை இப்போது மலைக்குக் காவல் போட்டிருந்தார்கள்.

“எடாதை லெனாட்! அது மலை!”

“இது என்ரை சைக்கிள்!”

“அது எனக்குத் தெரியும். நான்தான் போட்டனான்.” தம்பிஐயா குடையை மடக்கினார். “களஞ்சியத்தைத் துப்புரவாக்கச் சொன்னவை. உன்ரை சைக்கிள் ரெண்டு கட்டத்துக்குள்ளையும் வரேல்லையாம். ஒண்டுக்குள்ளையும் வராத சாமானெல்லாம் மலைக்குள்ளை போடச் சொல்லிப்போட்டார் சேர். மலை எழுப்ப மண் காணாதாம்.”

லெனாட்டுக்கு அழுகை வந்தது, அழுதான்.  பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலேரியில் கழுவினான். பெடலை உதைத்தான். துருவேறிய செயின் முனகிக்கொண்டு சுற்றியது. ஏறி ஓடினான். ஒரு முப்பது யார் தூரம் ஓடியிருப்பான், எதிரே ஜீப் வந்து நின்றது. மலைக்கு நேர்ந்த சேதத்தைப் பார்வையிட மூவரும் வந்திருந்தார்கள்.

சோமசேகரம் இறங்கி லெனாட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கரைந்த மலையைப் பார்த்தார். அவருக்கு ஒரு தலையிடி இருந்தது. மார்கழி முடியுமுன் முடிவை அறிவிக்க வேண்டும் என்று மேலிடம் கடிதம் போட்டிருந்தது. சிவப்பைத் தெரிவுசெய்தால் தன் வீட்டில் நிற்கிறதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கறுப்பைத் தெரிவுசெய்தால் நதானியேல் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அந்தச் சைக்கிள்கள் பிடித்துப்போயிருந்தன; ஒன்றில் உடுப்புக் காயப்போட்டார்கள், மற்றதில் பேரப்பிள்ளைகள் விளையாடினார்கள்.

“எங்கை இருந்து எடுத்தனீர்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மலைக்குள்ளை இருந்து சேர்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

“மலைக்குள்ளை இருந்து வந்த சைக்கிள் மலைச் சைக்கிள் இல்லாமல் வேறை என்ன?” என்றார் நதானியேல்.

“தொண்ணூறு நாளுக்கு மேலை எங்கடை மண்ணுக்குள்ளை கிடந்த பொருள் எங்கடை பொருள்” என்றார் நமசிவாயம். “உள்நாடு!”

ஆக, ஒன்பது மாதமாக எந்தக் கட்டத்திலும் விழாத சைக்கிள் ஒரே நிமிடத்தில் கட்டத்துக்குள் விழுந்தது. லெனாட்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “அப்ப கட்டம் நிரம்பிட்டுது. நான் கொண்டுபோகட்டே சேர்?”

“என்ன கதை கதைக்கிறீர்? தெரிவான வண்டியை மீன் ஏத்த விடுறதோ?” என்றார் சோமசேகரம். “தம்பிஐயா, உதை வாங்கி ஜீப்பிலை ஏத்தும்.”

ஏற்றினார்கள். தம்பிஐயா லெனாட்டின் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் ஹாண்டிலிலிருந்து எடுத்தார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை, கரைந்த மலைக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுத் தேசிய அறிவிப்பு விழா. மேடையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சைக்கிள், அதன் கழுத்தில் மாலை. ஆசியுரைகள் முடிந்தன. வாழ்த்துரைகள் முடிந்தன. சோமசேகரம் நிறைவாகச் சொன்னார்:

“உள்நாடா, வெளிநாடா என்று நாடே தடுமாறியபோது நாங்கள் தடுமாறவில்லை. இரண்டையும் தெரிவுசெய்யாமல் விட்டோம். ஓடாத வண்டி விபத்துக்குள்ளாகாது. இந்த வண்டி இனி ஒருபோதும் ஓடாது. இதைவிடப் பாதுகாப்பான மலைச் சைக்கிள் உலகத்தில் இல்லை!”

லெனாட்டை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு நிமிடம் பேசலாம் என்றார்கள். அவனுக்கு இரண்டு நிமிடம் தேவைப்படவில்லை.

“எனக்குச் சால்வை வேண்டாம். கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம். எனக்கு என்ரை சைக்கிளைத் தாங்கோ. நான் ஏழு மணிக்கு முதல் அரியாலைக்கு வரவேணும். பத்து மாதமா நடக்கிறன் ஐயா, என்னட்டை மீன் வாங்கின சனத்தை எல்லாம் இழந்துபோட்டன்.”

“பார்த்தீர்களா, எவ்வளவு எளிமை!” என்றார் சோமசேகரம். சபை கைதட்டியது.

கைதட்டலைக் கேட்டதும் லெனாட்டுக்குக் கண் சிவந்துவிட்டது. படம் எடுப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவன் உள்ளே கையை விட்டான். பாம், பாம்! பாம், பாம்! பாம், பாம்! நிறுத்தாமல் அமத்தினான்.

சுற்றியிருந்த ஒழுங்கைகளில் படலைகள் திறந்தன. ஒரு பெண் சட்டியோடு வந்தாள். பின்னால் இன்னொருத்தி. பத்து, பதினைந்து, முப்பது. கிறிஸ்ரியிடம் போன வீடுகளும் வந்தன. பதினெட்டு வருடப் பழக்கம், சத்தம் கேட்டதும் கால் தானாக வந்துவிட்டது. முன்னுக்கு நேசமலர் ரீச்சர். பந்தலுக்குள் புகுந்து மேடையைச் சுற்றி நின்றார்கள்.

“லெனாட், என்ன மீன் கொண்டந்தனீர்?” என்று ரீச்சர் கேட்டார்.

 சோமசேகரம் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். “உள்நாட்டுத் தெரிவுக்குத் தாய்மார் தாங்களாகத் திரண்டு வந்து தரும் ஆதரவு!” என்றார். படம் பிடித்தார்கள்.

ஆனால் நமசிவாயத்தின் முகம் சுருங்கியது. அவர் ஹோர்னை உற்றுப் பார்த்தார். “உது சீனா எல்லே? தம்பிஐயா, உந்த ஹோர்னும் மண்ணுக்குள்ளையோ கிடந்தது?”

“இல்லை சேர். அது தொடக்கத்திலையிருந்து வெளியாலைதான் நீட்டிக்கொண்டு நிண்டது. காகம் வந்து இருக்கிறது.”

“அப்ப அது எங்கடை மண்ணிலை ஊறேல்லை. வெளிநாட்டுச் சாமானைத் தேசியப் பெட்டிக்குள்ளை வைக்க ஏலாது.”

மேடையிலேயே குறடு கொண்டுவந்து ஹோர்னைக் கழற்றினார்கள். கண்ணாடிக் கதவைப் பூட்டினார்கள். ஹோர்னைத் தாம்பாளத்தில் வைத்து நாதஸ்வரம் முழங்க லெனாட்டின் கையில் கொடுத்தார்கள். மீளப்பெறும் படிவத்தில் வெளிநாடு என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டு, ஒப்படைத்த வண்டி திருப்பி வழங்கப்பட்டது என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார்கள்.

அடுத்த நாள் காலை லூர்த்தம்மா பொன்னாடையை எடுத்துப் பார்த்தாள். நல்ல கனமான சரிகைத் துணி. அதைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அவன் தலையில் வைத்தாள், அதற்கு மேல் மீன்பெட்டியைத் தூக்கி வைத்தாள். லெனாட் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் ஹோர்னோடு நடந்தான்.

அரியாலைக்குப் போகும்போது ஒன்பதே கால். கிறிஸ்ரி வந்துபோய்விட்டான். ஒழுங்கை முழுக்கக் கறி வாசம் அடித்தது. லெனாட் ஹோர்னை அமத்தினான். ஒரு படலைதான் திறந்தது.

நேசமலர் ரீச்சர் சட்டியை நீட்டியபடி அவன் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார்.

“நேற்று மேடையிலை சைக்கிளைக் கண்டனே. எங்கை லெனாட் அது?”

“அதுக்குப் பரிசு கிடைச்சிட்டுது ரீச்சர்” என்று லெனாட் பெட்டியை இறக்கினான். “ஓரா இருக்கு. எடுக்கிறியளே?”